ஏழு கோடியில் ஒரு மழை

செண்பகவல்லி காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது சமையலறைச் சுவர்த்திரை மழை அட்டவணையை வாசிக்கத் தொடங்கியது. எட்டயபுரத்துக்கு மேற்கே பருத்திக் காடுகளுக்கு இன்று இரவு நல்ல மழை. விளாத்திகுளம் கண்மாய்க்கு விடியற்காலையில் ஒரு தூறல். கயத்தாறுக்கு நாளை. நகரங்கள் எதற்கும் இல்லை.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. ரயில் நேரம் போலத் தினமும் கேட்கிற விஷயம். அவள் கணவன் ஆவுடையப்பன் மட்டும் டம்ளரைக் கையில் பிடித்தபடி கடைசி வரி வரை கேட்டான். மழையின் மேல் அவனுக்குத் தனிப் பிரியம் ஒன்றும் கிடையாது. நேரம் குறித்து யார் எதைச் சொன்னாலும் கவனமாகக் கேட்கிற ஆள். கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் வேலை. ஓட்டுநர் இல்லாமல் தாமே ஓடும் பேருந்துகள் நொடி பிசகாமல் வந்து நொடி பிசகாமல் கிளம்புகின்றனவா என்று மேற்பார்வை பார்ப்பவன்.

"நேத்து கயத்தாறுக்கு இன்னைக்குன்னு சொன்னாங்க. இப்ப நாளைக்குங்கிறாங்க," என்றான் குறையாக.

"மேகம் வரத் தாமதமாயிருக்கும்."

"மேகத்துக்கு என்ன தாமதம்? ஓட்டுறவங்க ஒழுங்கா ஓட்டணும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. மேகங்களை இப்போது ஓட்டத்தான் செய்தார்கள். கடலிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு மேகத்தையும் முகில் வாரியத்தின் மேய்ப்பிகள் கரையிலேயே எதிர்கொள்ளும். மேய்ப்பி என்பது வாரியம் வைத்த பெயர். ஜனங்கள் மேக டிரோன் என்பார்கள். அவை மேகத்துக்கு எண் கொடுத்து, ஆட்டு மந்தையைப் பத்திக்கொண்டு போவதுபோல வயலுக்கோ கண்மாய்க்கோ கொண்டுபோய், ஊர் உறங்கும் நேரத்தில் இறக்கிவிடும். தார்ச்சாலை மேலும் மாடிகள் மேலும் பெய்கிற மழை வீண் என்பது வாரியத்தின் முதல் விதி. அதனால் நகரங்கள் எல்லாம் உலர்வட்டங்கள். குழாயில் தண்ணீர் வரும், வானத்திலிருந்து வராது.

இதில் யாருக்கும் வருத்தமில்லை. பஞ்சம் என்ற சொல் பரீட்சைத் தாளில்தான் வந்தது. வெள்ளம் வந்து வீடு போனது என்று யாரும் அழவில்லை. கரிசல் காட்டில் வருஷம் தவறாமல் பருத்தி வெடித்தது. ஊருக்குள் மொட்டைமாடிகளில் சோபாவும் புத்தக அலமாரியும் போட்டுக்கொண்டார்கள். கடைகளுக்கு மேலே துணிப்பந்தல் போதுமென்று ஆகிவிட்டது. முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மழை என்ற ஒன்றை வயற்காட்டு உறவினர் வீட்டில் தங்கி, கண்விழித்துக் காத்திருந்து பார்த்தால்தான் உண்டு.

செண்பகவல்லி ஒன்பது மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கல்லூரிச் சாலை திரும்புகிற முனையில் கழுகாசலத்தின் கடை. கடலைமிட்டாய், சோடா, அரசு மழைச்சீட்டு. வெள்ளிக்கிழமைகளில் அவள் அங்கே நிற்பது வழக்கம்.

"இந்த வாரம் எங்க டீச்சர்?" என்று கேட்டபடி கழுகாசலம் சீட்டைக் கிழித்தார்.

"ரயில்வே ஸ்டேஷன் அண்ணாச்சி. ரெண்டாவது பிளாட்பாரம். காலைல மதுரை வண்டி வர்ற நேரம்."

"கூரை உள்ள பக்கமா, இல்லாத பக்கமா?"

"ரெண்டும். இல்லாத பக்கம் நிக்கிறவங்க எல்லாம் பெட்டியைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் ஓடி வரணும்."

கழுகாசலம் சீட்டை நீட்டாமல் ஒரு கணம் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்கும்," என்றார். "போன வாரம் கோர்ட்டு வாசல் சொன்னீங்க. அதைவிட இது மேல்."

சீட்டு வாங்குகிற ஒவ்வொருவரிடமும் அவர் இதைக் கேட்பார். பரிசு அதுதான். வாரத்துக்கு ஒரு ஆளுக்கு ஒரு மழை. வென்றவர் சொல்கிற இடத்தில், சொல்கிற நேரத்தில், பட்டப்பகலானாலும் சரி, முக்கால் மணி நேரம் மேய்ப்பிகள் ஒரு மேகத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். முன்பொரு காலத்தில் பணப்பரிசுச் சீட்டுகள் இருந்து, குடும்பங்களைக் கெடுக்கிறதென்று தடை செய்யப்பட்டிருந்தன. மழைச்சீட்டு யாரையும் கெடுக்கவில்லை. ஒருவருக்கு ஒரு சீட்டுக்கு மேல் கிடையாது, விலையும் ஒரு சோடா விலைதான். மேய்ப்பிகளின் பராமரிப்புச் செலவு அதிலேயே ஓடியது.

கல்லூரியில் அவள் நடத்துவது நிகழ்தகவு. முதலாண்டு மாணவர்களுக்கு முதல் பாடத்தை மழைச்சீட்டிலிருந்து தொடங்குவதை அவள் ஒரு வழக்கமாக வைத்திருந்தாள். அன்றைக்கும் அந்தப் பாடம்தான்.

"ஏழு கோடிச் சீட்டு. அதுல ஒண்ணு. எவ்வளவு சின்ன வாய்ப்புன்னு கண்ணுக்குத் தெரியணும்ல? நம்ம ஊர் தீக்குச்சியை எடுத்துக்கோங்க. ஒண்ணோட ஒண்ணு நுனி தொடுற மாதிரி அடுக்குங்க. இங்கேயிருந்து ஆரம்பிச்சா காஷ்மீர் போயிடும். அந்த வரிசைல ஒரே ஒரு குச்சிக்கு மட்டும் தலைல மருந்து. நீங்க கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டில போறீங்க. நாக்பூரோ, டெல்லியோ, எங்கயோ ஒரு இடத்துல இறங்கிக் குனிஞ்சு ஒரு குச்சியை எடுக்கிறீங்க. உரசுறீங்க. பத்திக்கணும்."

வகுப்பு சிரித்தது. மூன்றாவது வரிசையிலிருந்து ஜெனிட்டா என்ற பெண் கையைத் தூக்கினாள்.

"மேடம், நீங்க சீட்டு வாங்குவீங்களா?"

இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. பொய் சொல்லலாமா என்று செண்பகவல்லி ஒரு கணம் யோசித்தாள். சீட்டு பைக்குள்ளேயே இருந்தது.

"வாங்குவேன்."

"எத்தனை நாளா மேடம்?"

"நீ பிறக்கிறதுக்கு முன்னாடி இருந்து."

இப்போது சிரிப்பு சுவரைத் தொட்டுவிட்டு வந்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். "ஏன் மேடம்?" என்று ஜெனிட்டா விடாமல் கேட்டாள். "அது இந்தப் பாடத்திட்டத்துல இல்ல," என்று சொல்லிப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உண்மையில் அவளுக்கே பதில் தெரியாது.

சாயங்காலம் குலுக்கல். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சுவர்த்திரையில் எண்ணைப் பார்த்தாள். அவளுடையது இல்லை. கிட்டத்தில்கூட இல்லை. கிட்டத்தில் என்று ஒன்று கிடையவும் கிடையாது என்று வகுப்பில் சொல்பவள்தான். சீட்டைக் கிழித்துக் காய்த்தோலோடு போட்டாள். ரயில் நிலையத்து மழை அதோடு நின்றது. அடுத்த வாரத்துக்கு எங்கே என்று யோசிக்கத் தொடங்குவதற்குள் அழைப்பு வந்தது.

"முகில் வாரியத்திலிருந்து பேசுகிறோம். ஆவுடையப்பன் அவர்கள் இருக்கிறார்களா?"

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டாள். அவன் தோளில் போர்வையோடு இறங்கி வந்தான்.

"எங்களுக்குக் காடு கழனி எதுவும் இல்லீங்க," என்றான் எடுத்த எடுப்பில். "நம்பர் மாத்திப் போட்டுட்டீங்க."

எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகச் சீட்டின் எண்ணைச் சொன்னார். ஆவுடையப்பன் சட்டைப்பையில் கைவிட்டான். மடங்கிப்போன ஒரு சீட்டு வந்தது. அதைக் கண்ணுக்கு எட்டப் பிடித்து வாசித்தான். பிறகு செண்பகவல்லியிடம் நீட்டினான், "நீயே பாரு, நீதானே இதுல ஆளு" என்பதுபோல.

அவள் பார்த்தாள். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தாள்.

"எப்ப வாங்கினீங்க?"

"மத்தியானம். கழுகாசலம் அண்ணாச்சி கழுகுமலை போற வண்டில ஒரு காலை வச்சிக்கிட்டு நிக்கிறாரு. மகளுக்கு நிச்சயதார்த்தமாம். கைல ஒரு சீட்டு மிச்சம் இருக்கு, அதை வித்துட்டுத்தான் ஏறுவேங்கிறாரு. ஆள் காலை எடுக்காம வண்டிக் கதவு மூடாது. கிளம்புறதுக்குப் பதினோரு செகண்டுதான் இருக்கு. நான் என்ன செய்ய? வாங்கித் தொலைச்சேன்."

செண்பகவல்லி சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவனும் புரியாமல் சிரித்தான். அப்புறம் அவள் சமையலுக்குத் திரும்பினாள். அன்றைக்குப் பொரியலில் இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தாள். ஆவுடையப்பன் மோரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டான்.

மறுநாள் ஊரே அவளைத்தான் வாழ்த்தியது. ஆவுடையப்பன் சீட்டு வாங்குகிற ஆளில்லை என்று எல்லோருக்கும் தெரியும். "எனக்கில்ல, அவருக்கு," என்று அவள் ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. கல்லூரி வராந்தாவில் ஜெனிட்டா ஓடி வந்து நின்றாள்.

"மேடம், நீங்க இத்தனை வருஷமா வாங்குறீங்க. சார் ஒரே ஒரு தடவை. இது அநியாயமில்லையா?"

"சீட்டுக்கு ஞாபகம் கிடையாதும்மா. நான் முன்னால வாங்கினதெல்லாம் அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு வாரமும் எல்லாரும் புதுசுதான்."

இப்படிச் சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனாள். சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி. ஆனாலும் அன்று முழுக்க வயிற்றுக்குள் ஒரு சிறுபிள்ளை காலை உதைத்துக்கொண்டு அழுதது. என் மழை, என் மழை என்றது. அந்தப் பிள்ளைக்கு நிகழ்தகவு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

ஆவுடையப்பனுக்கோ அந்த மழையை என்ன செய்வதென்று தெரியவில்லை. முதலில் திருப்பிக் கொடுக்கப் பார்த்தான். வாங்க மாட்டோம் என்றார்கள். மனைவி பேருக்கு மாற்றலாமா என்று கேட்டான். மாற்ற முடியாது என்றார்கள். வென்றவர்தான் இடமும் நேரமும் சொல்ல வேண்டும். ஊருக்குள் என்றால் அந்த இடத்துப் பொறுப்பாளர்களின் சம்மதம் வேண்டும், அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே அறிவிப்பும் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமைக்குள் பெய்து முடித்துவிட வேண்டும். அதனால் பொதுவாக வென்றவர்கள் வம்பே வேண்டாமென்று கடற்கரையையோ மலைப்பக்கத்து விடுதியையோ சொல்லிவிடுவார்கள். கல்யாண மண்டபக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நுழையும்போது பெய்தால் தலைமுறைக்கும் பேசுவார்கள் என்று கெஞ்சினார். தீப்பெட்டி ஆலைக்காரர் வந்து, எங்கே வேண்டுமானாலும் பெய்யட்டும், குச்சி காயப்போட்டிருக்கிற பக்கம் மட்டும் வேண்டாம் என்று கும்பிட்டார். ஆவுடையப்பன் இருவருக்கும் காபி கொடுத்து அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடி சோபாவில் அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவன் வந்து எதிரே உட்கார்ந்தான்.

"கழுகாசலம் அண்ணாச்சிகிட்டப் போயிருந்தேன்."

"எதுக்கு?"

"நீ எந்த இடத்துல மழை வேணும்னு அவருகிட்டச் சொல்லுவியாமே. அதைச் சொல்லுங்கன்னேன். வாயத் திறக்க மாட்டேங்குறாரு. வாங்குறவங்க சொல்றது கடையைத் தாண்டாதாம். டாக்டரு மாதிரி பேசுறாரு."

செண்பகவல்லி பேனாவை மூடினாள். கழுகாசலத்தின் மேல் அவளுக்குத் திடீரென்று பெரிய மரியாதை வந்தது.

"நீயே சொல்லிரு," என்றான் ஆவுடையப்பன். "உனக்கு எங்க வேணும்? நான் அப்படியே எழுதிக் கொடுத்துட்டு வந்துடுறேன். இத்தனை வருஷம் வாங்கியிருக்க. உன் மழைதான் இது. எனக்குத் தெரியாதா?"

அவள் வாயைத் திறந்தாள். மதுரை வண்டி வருகிற பிளாட்பாரம் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லப் போனபோது கோர்ட்டு வாசல் குறுக்கே வந்தது. அதற்குப் பின்னால் வேறொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று.

"ஒரு இடம்னு கிடையாதுங்க," என்றாள் கடைசியில்.

"அப்படின்னா?"

"வாரத்துக்கு ஒண்ணு. வெள்ளிக்கிழமை சீட்டு வாங்கினதும் மனசுக்குள்ள ஆரம்பிச்சிடும். ஒரு வாரம் கோர்ட்டு வாசல்ல. ரெண்டு கட்சிக்காரங்களும் ஒரே மரத்தடில நிக்கிறாங்க, வக்கீல்களுக்கு என்ன பேசுறதுன்னு தெரியல. ஒரு வாரம் கல்யாண வீடு. சாப்பாடு சரியில்லைன்னு மாப்பிள்ளை வீட்டார் கோவிச்சிக்கிட்டு வெளியே கிளம்புறப்போ பெய்யுது. செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்லயே நிக்கிறாங்க. கொஞ்ச நேரத்துல காபி வருது, குடிச்சிடுறாங்க. ஒரு தடவை பரீட்சை முடிஞ்சு பசங்க வெளியே வர்றப்போ. ஒரு தடவை நம்ம கவுன்சிலர் ஊர்வலத்துல. அவரு ஒரு சலூனுக்குள்ள போயி உக்காந்து, பேப்பர் படிச்சிக்கிட்டிருக்கிற ஆளுகிட்டப் பேச்சுக் கொடுக்கிறாரு."

சொல்லிக்கொண்டே போனாள். ஆவுடையப்பன் முழங்காலில் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். திருமணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு நேரம் பேசி அவன் கேட்டதில்லை. அவன் கேட்டதில்லையா, அவள் சொன்னதில்லையா என்பதை இருவரும் அப்போது விசாரிக்கவில்லை.

"ஜெயிக்க மாட்டேன்னு தெரியும்," என்றாள். "தெரிஞ்சுதான் வாங்குவேன். ஆனா சீட்டு கைல இல்லாம இதை நினைச்சுப் பாத்தா வர மாட்டேங்குது. சும்மா பகல்கனவு மாதிரி வந்துட்டுப் போயிடுது. சீட்டு இருந்தா, ஏழு கோடில ஒண்ணுதான்னாலும், நடக்கக்கூடியதுன்னு ஆயிடுது. அப்புறம் ஒவ்வொண்ணாக் கண்ணுல தெரியும். யாரு எங்க நிக்கிறாங்க, யாருகிட்ட துண்டு இருக்கு, எல்லாம்."

"சரி, அதுல ஒண்ணச் சொல்லு."

"முடியலங்க. ஒண்ணச் சொன்னா மத்ததெல்லாம் இல்லாமப் போயிடுமோன்னு இருக்கு. நீங்களே பாருங்க. இது உங்க மழை."

அவன் எழுந்து போய், மாடிச் சுவரில் கையை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றான்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே சமையலறைக்குள் வந்தான். "செண்பகம், பஜார்ல அந்தச் சலூன் இருக்குல்ல. நீ சொன்னதுல ஒரு தப்பு. கவுன்சிலர் எப்ப வேணும்னாலும் எழுந்து போயிடுவாரு. பாதி முடி வெட்டினவன்தான் போக முடியாது." வாயில் நுரையோடு இதைச் சொல்லிவிட்டுப் போனான். செண்பகவல்லி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

அவனுக்குப் பிடித்துவிட்டது. மத்தியானம் போனில் கூப்பிட்டு, "பாங்க்கு எப்படி?" என்றான். சாயங்காலம் வந்து, பாங்க்கு வேண்டாம், ஏ.சி.யில் சத்தம் கேட்காது என்று அவனே தள்ளுபடி செய்தான். சாப்பிடும்போது பாதியில் கையை நிறுத்திவிட்டு யோசித்தான். இரண்டு பேரும் ஊரைத் தெருத் தெருவாக எடுத்து மழையை வைத்துப் பார்த்தார்கள். அவளுடைய வயிற்றுக்குள் அழுத பிள்ளை எப்போது ஓய்ந்தது என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அவன் கூட வேலை பார்க்கும் மாடத்தி அவளை அழைத்தாள்.

"மயினி, அண்ணனுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லையே, ஏன்?"

"திருநெல்வேலி வண்டி நாலு செகண்டு லேட்டாப் போச்சு. அண்ணன் பச்சை பட்டனை அமுக்காம வானத்தப் பாத்துக்கிட்டு நிக்காரு. மேல என்ன இருக்குன்னு நாங்களும் பாத்தோம். ஒண்ணையும் காணோம்."

இடத்தை அவன் எழுதிக் கொடுத்த நாளில் அவளிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை அட்டவணை வாசிக்கும்போதுதான் அவளும் ஊரோடு சேர்ந்து கேட்டாள். நாலாட்டின்புதூருக்கு இரவில். கடம்பூருக்கு நாளை. அதன் பின் சுவர்த்திரை ஒரு புதிய வரியை அதே சமமான குரலில் வாசித்தது. கோவில்பட்டி நகரம், பேருந்து நிலையம், இன்று மாலை ஐந்தரை மணி, கனமழை.

செண்பகவல்லி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க பஸ் ஸ்டாண்டா?"

"ம்."

"ஆபீஸ் விடுற நேரம். உங்க வண்டியெல்லாம் லேட்டாயிடுமே."

"ஆகும். எங்க கிளை மேலாளர் கையெழுத்துப் போட ஒரு நாள் பூரா யோசிச்சாரு. உமக்குப் பைத்தியமான்னு கேட்டாரு. பெறகு அவரு பேத்தியைக் கூட்டிட்டு வரலாமான்னு கேட்டாரு."

"ஏங்க அங்க?"

ஆவுடையப்பன் டம்ளரைக் கீழே வைத்தான். "உன் மழையையெல்லாம் கேட்டேன்ல. கோர்ட்டு, கல்யாண வீடு, ஸ்டேஷன். எல்லாத்துலயும் ஆளுங்க எங்கயோ போகணும்னு கிளம்புறாங்க, போக முடியல, பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு திரும்பிப் பாக்கிறாங்க. உனக்கு நனையணும்னு இல்ல. நிக்கணும். எனக்கு ஆளுங்களை நிக்க வைக்கத் தெரிஞ்ச இடம் அது ஒண்ணுதான். இத்தனை வருஷமா ஒருத்தரையும் நிக்க விடாம அனுப்பியிருக்கேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மழைகள். ஒரு தரவுக் குவியலைக் கொடுத்தால் அதில் ஒளிந்திருக்கும் ஒழுங்கைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவள் தொழில். சொந்தக் குவியலை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

மாலை ஐந்து மணிக்கே பேருந்து நிலையம் நிறைந்துவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் பாதி. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மீதி. அறிவிப்பைக் கேட்டுச் சுற்றியுள்ள மாடிகளிலிருந்து சோபாக்களை இறக்கியிருந்தார்கள். ஜெனிட்டா தோழிகளோடு வந்து செண்பகவல்லியின் பக்கத்தில் இடம் பிடித்தாள். டைம் கீப்பர் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் ஆவுடையப்பனின் தலை தெரிந்தது.

தெற்கிலிருந்து அது வந்தது. மேய்ப்பிகள் சிறு புள்ளிகளாய்ச் சுற்றிவர, கருத்த ஒரு மேகம் ஊர் மேல் நகர்ந்து வந்து நின்றது. வெளிச்சம் குறைந்தது. யாரோ ஒருவர் வீட்டு விளக்கை அணைத்துவிட்டதைப் போல எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். காற்று ஒரு சுற்றுச் சுற்றிக் காகிதங்களைத் தூக்கியது. முதல் துளி ஒரு பேருந்தின் தகரத்தில் விழுந்த சத்தம் நிலையம் முழுக்கக் கேட்டது.

பிறகு எல்லாம் சேர்ந்து இறங்கியது.

செண்பகவல்லி மனசுக்குள் பெய்வித்த எந்த மழையும் இப்படி இருந்ததில்லை. இவ்வளவு சத்தத்தை அவள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரின் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டியிருந்தது. முப்பது வருஷத்துப் புழுதி நனைந்து எழுந்த வாடை தொண்டைக்குள் இறங்கியது. மழையையே பார்த்திராத பேருந்துகள் ஒவ்வொரு துளியையும் குறுக்கே வந்த தடையென்று எண்ணி, போட்டது போட்டபடி நின்று விளக்கைச் சிமிட்டின. கூரை எங்கெங்கே ஒழுகும் என்று கட்டியவருக்கே தெரிந்திருக்காது. ஒழுகிய இடங்களை விட்டு விலகி, விலகி, ஜனங்கள் ஒருவரோடு ஒருவர் நெருங்கினார்கள். வடிகால் இல்லாததால் தண்ணீர் தரையில் தனக்குத் தோன்றிய பக்கமெல்லாம் ஓடியது. கிளை மேலாளர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, பேத்தியைத் தோளில் வைத்து, நேராக மழைக்குள் நடந்து போனார்.

"மேடம்," என்று கத்தினாள் ஜெனிட்டா. "இப்ப நாம நிக்கிறதுக்குப் பேரு என்ன?"

"ஒதுங்குறது. மழைக்கு ஒதுங்குறதுன்னு சொல்லுவாங்க."

"இதுக்குன்னு தனியா ஒரு வார்த்தையே இருக்கா?"

இருந்தது. அந்த வார்த்தையைச் சொல்லியே எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. செண்பகவல்லி சுற்றிலும் பார்த்தாள். கடம்பூருக்குப் போக வேண்டிய ஒரு பெண், முன்பின் தெரியாத ஒருத்தியின் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்திருந்தாள். தீப்பெட்டி ஆலைக்காரரும் கல்யாண மண்டபக்காரரும் ஒரே துண்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எதையோ காரசாரமாக விவாதித்தார்கள். கழுகாசலம் கடலைமிட்டாய்ப் பெட்டியைத் திறந்து, நமத்துப்போய்விடும், சாப்பிடுங்க என்று கைக்கு எட்டியவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் நினைத்துப் பார்த்தாள். ரயில் நிலையத்து மழை அப்படியே இருந்தது. கோர்ட்டு வாசலிலும் இன்னும் பெய்துகொண்டுதான் இருந்தது. ஒன்றும் போய்விடவில்லை.

ஆவுடையப்பன் அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. அறைக்கும் கூரைக்கும் நடுவே நாலு அடிதான், அவன் மெதுவாகத்தான் கடந்திருக்க வேண்டும்.

"பலகை பூரா சிவப்பு," என்றான் அவள் காதில். "ஒரு வண்டி பாக்கியில்லாம எல்லாம் லேட்டு."

"வருத்தமா இருக்கா?"

அவன் யோசித்துப் பார்த்தான். "பாக்க அழகாத்தான் இருக்கு," என்றான்.

சொன்ன நேரத்துக்கு மழை நின்றது. மேய்ப்பிகள் வெளுத்துப்போன மேகத்தை ஓட்டிக்கொண்டு போயின. வெயில் சாய்வாக வந்து தண்ணீரில் விழுந்தது. பேருந்துகளுக்கு உணர்வு திரும்பியது. ஒவ்வொன்றாக உறுமி, தத்தம் இடத்தில் வந்து நின்று, கதவைத் திறந்தன. உள்ளே விளக்குகள் எரிந்தன, இருக்கைகள் காலியாக இருந்தன.

ஒருவரும் ஏறவில்லை.

குழந்தையை வைத்திருந்தவள் திருப்பிக் கொடுக்கவில்லை. விவாதம் முடியவில்லை. கூரை நுனியிலிருந்து சொட்டுகிற துளிகளுக்குக் கீழே நீண்டிருந்த கைகள் உள்ளே போகவில்லை. எல்லோரும் எதற்கோ காத்திருப்பதுபோல நின்றார்கள். யாராவது ஒருவர் முதலில் கிளம்பிவிட்டால் இது முடிந்துவிடும் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. நிலையத்தின் ஒலிபெருக்கி கரகரத்து, தாமதமாகிவிட்ட வண்டிகளின் விவரத்தை அறிவிக்கும்படி டைம் கீப்பரைக் கேட்டது.

ஆவுடையப்பன் அறைக்குள் போய் மைக்கை எடுத்தான். கண்ணாடி வழியே கூட்டத்தைப் பார்த்தான். வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாக நிற்கும் பேருந்துகளைப் பார்த்தான். பிறகு செண்பகவல்லியைப் பார்த்தான். அவள் ஈரத் தலையை முந்தானையால் துவட்டிக்கொண்டே, என்ன சொல்லப் போகிறான் என்று நிமிர்ந்தாள்.

"பயணிகள் கவனத்துக்கு," என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "அடுத்த வண்டி எப்ப வரும்னு தெரியல. கொஞ்சம் உக்காருங்க."